கழுவாத மூன்று சுருள்

1983 பங்குனி. கும்பகோணத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் டார்க் ரூமுக்குள், இரவு 11 மணிக்கு என் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டில் கிடந்த காகிதத்தில் படம் பாதி எழும்பியிருந்தது. "அதை எடுத்து ஹைப்போவுல போடுடா" என்றார் முதலில். அதற்கப்புறம்தான் ரிக்‌ஷா கூப்பிடச் சொன்னார்.

குடல்வால். விடிவதற்குள் அறுத்தாக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். விடிந்தால் திருநாகேஸ்வரத்தில், ஒப்பிலியப்பன் கோயில் பக்கத்து மண்டபத்தில், 6 மணியிலிருந்து 7.30 வரை முகூர்த்தம். எனக்கு 19 வயது. பிளாஷின் பேட்டரிப் பெட்டியைத் தோளில் சுமப்பதும் சுருள் மாற்றிக் கொடுப்பதும்தான் என் வேலை. கேமராவுக்குள் குனிந்து பார்த்ததெல்லாம் முதலாளி சாப்பிடப் போயிருந்த மத்தியானங்களில்தான்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "எதிர்க் கடைக்காரரைப் போய்ப் பாரு" என்றார். ஒரு பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ விஷயத்தில் அவரோடு முதலாளி பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ராத்திரியைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலாளியின் அப்பாவுக்கு அப்படி ஒரு ராத்திரி வந்திருக்கவே முடியாது. எங்கள் தொழிலின் இந்தப் பயத்துக்கு, விடிந்தால் கல்யாணம், படம் எடுக்கிறவன் படுத்துவிட்டான் என்கிற பயத்துக்கு, வயசு ரொம்பக் குறைவு.

தமிழ்நாட்டுக்குக் கேமரா வந்த காலத்தில் அது காத்திருக்கிற பொருளைத்தான் தேடிப் போனது. சென்னையில் 1856-இல் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கினார்கள். அதே வருஷம் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். 1858-இல் தஞ்சாவூர் வந்தவர், பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகக் காகித நெகட்டிவில் எடுத்து ஒட்டினார். 21 படங்கள் சேர்ந்து ஏறக்குறைய 19 அடி நீளம். என் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்த வேலை இது. அந்தப் படத்தின் பிரதியை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: டிரைப்புக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்திருந்தால் கல்வெட்டு மறுநாள் வரை நின்றிருக்கும்.

ஸ்டுடியோக் காலமும் அப்படித்தான். முதலாளியின் அப்பா கண்ணாடித் தகட்டில் எடுத்தவர். கடைக்கு வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரை. பின்னால் மாளிகைப் படி வரைந்த படுதா. தலை ஆடாமல் இருக்கப் பிடரிக்குப் பின்னால் வைக்கும் இரும்பு முட்டு ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூடப் பழைய சாமான்களோடு மூலையில் கிடந்தது. கல்யாணம் முடிந்து மறுவீடு எல்லாம் போய் வந்த பிறகு, சாவகாசமாக ஒரு நல்ல நாள் பார்த்து ஜோடி ஸ்டுடியோவுக்கு வரும். மாப்பிள்ளை நாற்காலியில், பெண் பக்கத்தில் நின்றபடி. ஒரு தகடு, கூடிப்போனால் இரண்டு. பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றால் "வெள்ளிக்கிழமை வாங்க" என்று திண்ணையிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்களாம். இந்த மாதிரி ஸ்டுடியோப் படங்களைத்தான் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாடு முழுக்கத் தேடிச் சேகரித்துக் கணினியில் ஏற்றி வைத்தது. அவற்றில் வரும் கல்யாண ஜோடிகளின் முகத்தில் முகூர்த்தத்தின் பரபரப்பு இருக்காது. கல்யாணம் அவர்களுக்கு முடிந்துபோன விஷயம்.

கல்யாணத்தைத் தேடிக் கேமரா போக வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும். மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி எடுக்கும் முறை முன்பே இருந்தது. கீற்றுப் பந்தலுக்குள் அதைக் கொளுத்த எந்தச் சம்பந்தி சம்மதிப்பார்? பல்பு பிளாஷும் சுருள் பிலிமும் கைக்கு எட்டிய பிறகுதான் எங்களவர்கள் மணவறைக்குப் பக்கத்தில் போனார்கள். ஒரு பல்புக்கு ஒரு படம். எரிந்த பல்பு சூடு ஆறுமுன் அதைத் துணியால் பிடித்துக் கழற்ற வேண்டும். முதலாளியின் வலது கட்டைவிரலில் அந்தத் தழும்பு இருந்தது.

மணவறைக்குப் பக்கத்தில் போன நாளிலேயே பயமும் கூட வந்தது. கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சு விழ எத்தனை நேரம் ஆகும்? அதற்குள் அட்சதை போடுகிற கைகள் எல்லாம் குறுக்கே வரும். நாத்தனார் முடிச்சுப் போடப் பின்னால் குனிவார். அந்த இடுக்கில் எடுத்தால் உண்டு. "இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்கிற வாய் எந்தப் போட்டோக்காரனுக்கும் கிடையாது.

எதிர்க் கடைக்காரர் வீட்டுக் கதவை நான் தட்டியபோது மணி 1 இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பஞ்சாங்கத்தைக்கூடப் பார்க்காமல், "எனக்கு 9 மணி முகூர்த்தம்தான், உங்களை முடிச்சிட்டுப் போயிடலாம்" என்றார். பிறகு கேட்டார்: "உங்க கடையில என்ன கேமரா?" யாஷிகா மேட் என்றேன். "அதையே எடுத்துட்டு வா. பெண் வீட்டுக்காரங்க கண்ணுக்கு உங்க கடைதான் வந்திருக்கணும்."

அதில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். மாப்பிள்ளை வலப்பக்கம் சாய்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். அவருக்குப் பழக்கமான கேமரா வேறு. ஆனாலும் அதில்தான் எடுத்தார். மூன்று சுருள், சுருளுக்கு 12, ஆக 36 படம். எல்லாம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து சுருள். அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. எங்களைப் போன்ற சின்னக் கடைகளை அதுதான் வாழ வைத்தது. பெண்ணின் அப்பா வந்து, "நீங்க யாரு, அவரைக் காணோமே?" என்று கேட்டபோது எதிர்க் கடைக்காரர் தன் பெயரையே சொல்லவில்லை. "கடையிலேர்ந்து வந்திருக்கேங்க. அவருக்கு உடம்பு முடியலை" என்றார். ஊரில் 20 வருஷமாகத் தன் பெயரில் போர்டு வைத்திருந்த மனுஷர்.

முகூர்த்தம் முடிந்ததும் மூன்று சுருளையும் வரிசையாக எடுத்து, கடைசியில் இருக்கும் பசைக் காகிதத்தை நாக்கில் தடவி ஒட்டி, என் சட்டைப் பையில் போட்டார். "நான் கழுவ மாட்டேன். நீயே கழுவு. உங்க தண்ணி, உங்க கை." கூலி வாங்கவில்லை. திருநாகேஸ்வரத்திலிருந்து பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை வாங்கிக்கொண்டார்.

இதற்கு முதலாளி சொல்லும் பெயர் கைமாத்து. வட்டியில்லாமல், எழுத்தில்லாமல், நம்பிக்கையின் பேரில் வாங்கித் திருப்பிக் கொடுப்பதற்கு நாம் சொல்வது அதுதானே. ஆளும் அப்படித்தான் கைமாத்தாகப் போய் வந்தார்கள். மாற்றாகப் போனவர் அந்த வீட்டில் தன் கடைச் சீட்டைக் கொடுக்கக் கூடாது. அடுத்த வளைகாப்புக்கு அவர்களே கூப்பிட்டாலும் போகக் கூடாது. சுருளைக் கழுவாமல் கொடுக்க வேண்டும். கழுவினால் நல்லது கெட்டது அவருக்குத் தெரிந்துவிடும், அது இன்னொரு கடையின் ரகசியம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எங்கள் தெருவில் மூன்று கடையிலும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் டார்க் ரூமில் தனியாக நின்றேன். டி-76 டெவலப்பரை நானே கலக்கினேன். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. மருந்துத் தராசில் நிறுக்கும்போது கை நடுங்கியது. மெட்டால் எங்கள் தொழிலின் விஷம். வருஷக்கணக்காக அதில் கை வைத்தவர்களுக்கு விரல் நுனி வெடித்து அரிக்கும். முதலாளிக்குச் சோற்றில் கை வைத்தால் எரியும், கரண்டியால்தான் சாப்பிடுவார். அந்த விரல்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க, என் விரல்கள் தொட்டியில்.

மறுநாள் அவர் கண் விழித்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "தாலி விழுந்துதாடா?" பக்கத்தில் நின்ற நர்ஸம்மா முகம் வெளுத்துவிட்டது. பிலிமில் படம் பதிவதைத்தான் நாங்கள் 'விழுவது' என்போம். "விழுந்திருக்குண்ணே, நாத்தனார் விரலோட விழுந்திருக்கு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் படம் வீட்டு அலங்காரத்துக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்க் கல்யாணங்களில் பெரும்பாலானவை எந்த ஆபீஸ் புத்தகத்திலும் ஏறவில்லை. தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009-இல் வந்ததுதான். சீர்திருத்தத் திருமணங்களில் புரோகிதரும் இல்லை. 1967 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மாலை மாற்றினாலே செல்லும் என்றாகியிருந்தது. ஆனால் மாலை மாற்றினார்கள் என்று யார் சொல்வது? பாஸ்போர்ட்டுக்கு, புருஷன் போன பிறகு பென்ஷனுக்கு, பங்காளி வழக்குக்கு என்று பழைய நெகட்டிவைத் தேடி வந்த பெண்களை நான் எண்ணி வைத்ததில்லை. ஒரு அம்மா 22 வருஷம் கழித்து வந்தார். நெகட்டிவ் இருந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது காசு வாங்க மனசு வரவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. கலர் வந்த புதிதில் சுருளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அப்புறம் வீடியோவும், கண் கூசும் ஆயிரம் வாட் விளக்கும் வந்தன. டார்க் ரூமை உடைத்துக் கம்ப்யூட்டர் வைத்தோம். 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு போட்ட செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் கடையைக் கொஞ்சம் சீக்கிரமே சாத்தினேன்.

2014 ஆவணியில் என் முறை வந்தது. அப்போது எனக்கு 50. ராத்திரி ரிசப்ஷன் முடித்து வந்து பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தேன். இடது தோளில் வலி. இந்தத் தொழிலில் தோள் வலிக்காதவர் யார்? பேட்டரிப் பெட்டி சுமந்த தோள், இரண்டு கேமரா தொங்கும் தோள். தைலம் தேய்த்துக்கொண்டேன். வேர்வை ஊற்றியபோதும் மண்டபத்துப் புழுக்கம் என்றே நினைத்தேன். என் மனைவிதான் 108-ஐக் கூப்பிட்டாள். ஈசிஜி எடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். தோள்வலி என்று தைலத்தோடு படுத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கேமரா தூக்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

40 கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் போன் பேசவிடாமல் மனைவி கையைப் பிடித்திருந்தாள். பிடுங்கித்தான் பேசினேன். வளர்பிறை முகூர்த்தம். முதல் ஆள், "அண்ணே, எனக்கும் நாளைக்குக் கல்யாணம்ணே." இரண்டாவது ஆளும் அதேதான். மூன்றாவது ஒரு பையன், 26 வயது, இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கேண்டிட் எடுப்பவன். அதற்கு முன் இரண்டே தடவை பேசியிருப்பேன். "எந்த மண்டபம்ணா, எத்தனை மணிக்கு?" அவ்வளவுதான் கேட்டான்.

கல்யாணப் பெண்ணுக்கும் நான்தான் சொன்னேன். "நீங்க வரலையா அங்கிள்?" என்று குரல் உடைந்தது. அவள் அம்மா அப்பா கல்யாணத்தை எடுத்ததும் நான்தான். 1983-இல் எதிர்க் கடைக்காரர் 'கடையிலேர்ந்து' என்று சொன்னதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கடை என்றால் கடை. இன்று ஆளைப் பார்த்து, அவர் எடுத்த படங்களைப் போனில் தள்ளிப் பார்த்துத்தான் புக் பண்ணுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆள் விழுந்தால் அவர் இடத்தில் நிற்க இன்னொருவரால் லேசில் முடியாது. இப்போது வாட்ஸப் குழுவில் 'அவசரம், நாளைக்கு ஒரு ஆள் தேவை' என்று போட்டால் நாள் சம்பளத்துக்கு ஆள் வருகிறது. உழைப்புக்குக் கூலி கொடுப்பது நியாயம், நாங்கள் அந்தக் காலத்தில் கை ஆட்களுக்குச் சரியாகக் கொடுக்காததே பாவம். கைமாத்துதான் போய்விட்டது. 2020-இல் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனபோது, திருப்பிக் கொடுக்க வேண்டியவர் வேண்டாதவர் எல்லோருமே ஒன்றாக வீட்டில் உட்கார்ந்தோம்.

மூன்றாம் நாள் ஸ்டென்ட் வைத்த என்னைப் பார்க்க அந்தப் பையன் வந்தான். கவரில் மெமரி கார்டுகள். 1,400 படம். "ரெண்டு இடத்துல காப்பி போட்டு வெச்சிருக்கேன்ணா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் கடைக் கல்யாணம் இன்னொருத்தர் வீட்டு டிஸ்க்கில். அவன் போன பிறகும் மனசு ஆறவில்லை. மறுநாள் கார்டுகளை மனைவியிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னபோதுதான் உறைத்தது. சுருள் தானாக அழியாது, கார்டு அழியும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனிடம் ஒற்றைப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்தப் பையன் காலத்தில் துரோகம். ஆல்பம் கொடுத்து முடிந்ததும் அவனே போன் பண்ணி, "அழிச்சிரட்டுமாண்ணா?" என்று கேட்டான்.

2016 தையில் ஒரு விடியற்காலம் 3 மணிக்கு அவனிடமிருந்து போன். மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. சுவாமிமலையில் முகூர்த்தம். எனக்கு டாக்டர் மாடிப்படிகூட மெல்ல ஏறச் சொல்லியிருந்தார். அந்தக் கோயிலுக்கு அறுபது படி. ஒவ்வொன்றாக ஏறினேன். பெண்ணின் அப்பா, "நீங்க யாருங்க?" என்றார். "தம்பி அனுப்பினாருங்க" என்றேன். தாலி விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் இரண்டு டிஸ்க்கில் காப்பி போட்டேன். அப்புறம் கார்டுகளைக் கவரில் வைத்து, நாக்கில் தடவி ஒட்டி, பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.