கிழங்கின் விலை

ஹாலந்து தேசத்துத் தோட்டக்காரனுக்கு இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒரு முக்கியமான வேலை உண்டு. பனியில் மண் இறுகுமுன் டூலிப் கிழங்குகளைப் புதைத்துவிட வேண்டும். குளிரில் கிடந்தால்தான் அது வசந்தத்தில் பூக்கும். அதுவரை கண்ணுக்குத் தெரிவது வெறும் மண்தான்.

1593-ல் லெய்டன் நகருக்கு வந்த க்ளூஸியஸ் என்ற தாவர சாஸ்திரி நட்ட கிழங்குகள் மறு வருஷம் பூத்தன. அவர் தோட்டத்தில் திருடர்கள் புகுந்தார்கள். 1636 குளிர்காலத்திலோ, மண்ணுக்குள் கிடந்த கிழங்குகளைக் கண்ணால் பாராமலே, மதுக்கடைகளில் உட்கார்ந்து வெறும் சீட்டில் கை மாற்றினார்கள். சில அபூர்வக் கிழங்குகளுக்கு ஒரு வீட்டின் விலை! 1637 பிப்ரவரியில் ஹார்லெம் நகரில் வாங்க ஆளில்லை, விலை சரிந்தது. இந்தப் பைத்தியத்தைச் சொல்லித்தான் உலகம் சிரிக்கிறது.

என் மனசில் நிற்பது 1944. ஜெர்மானியர் உணவு வரும் வழியை அடைத்தார்கள். யுத்தத்தினால் நடப்படாமல் கிடங்கில் கிடந்த கிழங்குகளை, நடுக்குருத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேகவைத்துத் தின்றார்கள் மேற்கு ஹாலந்து ஜனங்கள். அப்படியும் அந்தக் குளிர்காலத்தில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள்.

கிழங்கின் உண்மையான விலை எந்த வருஷத்தில் தெரிந்தது? 1637-ல் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.