மலைநாட்டு வெப்பநிலையும் தேயிலையும்

கடல்மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயருந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது வானிலை நூலார் கண்ட முடிபு. யாழ்ப்பாணம் வெயிலிற் காயும் நாளில் டயகம மக்கள் கம்பளி போர்த்திருத்தல் இதனாலேயே.

1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் மலைநாடெங்கும் பரவியது. 1200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை எனப்படும். குளிரிற் கொழுந்து மெல்ல வளர்தலே அதன் மணத்திற்குத் துணை.

1961 முதல் 1990 வரை இலங்கையின் சராசரி வெப்பநிலை ஆண்டுதோறும் 0.016 பாகை உயர்ந்ததென ஆய்வாளர் கணித்தனர். சிறிதெனத் தோன்றும் இவ்வுயர்வு 30 ஆண்டுகளில் அரைப் பாகையளவாகும். மலைநாட்டிற்கும் இவ்விகிதமே பொருந்துமெனக் கொள்ளின், ஒவ்வொரு தோட்டமும் ஏறத்தாழ 75 மீற்றர் கீழிறங்கியதற்கு அஃது ஒப்பாகும்.

தேயிலைக்கு ஏற்றது ஏறத்தாழ 22 பாகை என்பர். எனவே குளிர்மிக்க உச்சியில் இவ்வுயர்வு விளைச்சலைப் பெருக்கவுங்கூடும். தாழ்நிலத்திற்கோ அது கேடே. ஆயினும் விளைச்சல் பெருகி மணம் குன்றுமாயின் உயர்நிலத் தேயிலையின் பெயர் நில்லாது. அப்பெயரை நம்பியே கொழுந்து பறிப்போர் அடுப்பெரிகின்றது. ஆதலின் வெப்பமானியின் பதிவேடு அவர்தம் வாழ்வின் வரலாறுமாகும்.