பிரசவத்தோடு முடியாத வேதனை



பிள்ளை பிறந்தவுடன் தாயின் பாடு தீர்ந்தது என்று எண்ணுகிறோம். எல்லாத் தாய்மாருக்கும் அப்படியல்ல. பிரசவம் தடைப்பட்டு நாட்கணக்கில் நீடிக்கும்போது, குழந்தையின் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து நசுக்குகிறது. இரத்த ஓட்டம் நின்ற சதை அழிந்து துவாரம் உண்டாகிறது. மருத்துவர்கள் இதை ஃபிஸ்டுலா என்பர். பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கும். தாய்க்கோ அன்றுமுதல் சிறுநீர் ஓயாது கசியும். நாற்றத்தினிமித்தம் கணவனாலும் ஊராராலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் அநேகர்.

1959-இல் ரெஜினால்ட், கேதரின் ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியர் எத்தியோப்பியாவின் ஆதிஸ் அபாபாவுக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கச் சில ஆண்டுகளுக்கென்று வந்தவர்கள், இப்பெண்களைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டனர். 1974-இல் இவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தனர். அவர்களிடம் நோயாளியாக வந்த மாமிது காஷே என்னும் பெண், பள்ளிப்படிப்பு இல்லாதிருந்தும், அறுவை சிகிச்சை கற்று, தம்மைப்போன்ற பெண்களுக்கே அதைச் செய்தார்.

எனினும் எல்லாக் காயமும் ஆறுவதில்லை; துவாரம் அடைபட்ட பின்பும் சிலருக்குக் கசிவு நிற்பதில்லை. அத்தகையோருக்காக ‘தெஸ்தா மெந்தர்’, அதாவது மகிழ்ச்சியின் கிராமம், என்னும் குடியிருப்பை ஹாம்லின் அம்மையார் அமைத்தார். குணமானவர்களுக்கு மட்டுமன்று, குணமாகாதவர்களுக்கும் அவர் இடம் உண்டாக்கினார்.

பிரசவக் காயத்தாலோ கருப்பை இறக்கத்தாலோ ஆராதனைக்கு வரவும் கூசி, வீட்டோடிருக்கும் சகோதரிகள் நம் நடுவிலும் இருக்கக்கூடும். அவர்களை அன்பாய் விசாரியுங்கள். மருத்துவரிடம் செல்லத் துணைநில்லுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயை ஜனக்கூட்டத்தின் நடுவே மகளென்று அழைத்தவர் நம் ஆண்டவர் அல்லவா?