எக்ஸ்ராண்டர்

எக்ஸ்ராண்டர் என்பது லினக்ஸ் முதலிய யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் திரையின் பிரிதிறன், புதுப்பிப்பு வீதம், திசை ஆகியவற்றை மாற்றியமைக்க உதவும் கட்டளைவரி மென்பொருள் ஆகும். இது எக்ஸ் சாளர முறைமையின் ராண்டர் என்னும் நீட்சியைக் கொண்டு செயற்படுகின்றது.

வரலாறு

ராண்டர் நீட்சியை ஜிம் கெட்டிஸ், கீத் பாக்கார்டு ஆகியோர் வடிவமைத்தனர். அதற்கு முன்னர் மேசைத்தளத்தின் அளவை மாற்ற, அமைப்புக் கோப்பைத் திருத்தி எக்ஸ் வழங்கியை மீளத் தொடங்க வேண்டியிருந்தது. 2007 இல் வந்த 1.2 ஆம் பதிப்பு, ஒவ்வொரு திரை வெளியீட்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வசதியைத் தந்தது.

இன்டெல் ஒருங்கிணைந்த வரைகலைச் சில்லுகளின் பழைய இயக்கி, நிகழ்பட பயாஸில் பதிந்திருந்த பிரிதிறன்களை மட்டுமே பயன்படுத்தியது. எனவே அகலத்திரை உடையோர் 915ரெசல்யூஷன் என்னும் கருவியால் நினைவகத்திலுள்ள பயாஸ் படியைத் திருத்த நேர்ந்தது. 2007 இல் வந்த புதிய இயக்கி இத்தேவையை நீக்கியது. 2009 இல் வெளியான லினக்ஸ் கருனி 2.6.29 முதல், இன்டெல் சில்லுகளின் திரைப்பாங்கைக் கருனியே அமைக்கலாயிற்று.

செயற்படும் விதம்

திரை தன் பிரிதிறன்களை ஈடிஐடி என்னும் தரவாகக் கணினிக்கு அறிவிக்கின்றது. தெரிவுகள் எதுவுமின்றி எக்ஸ்ராண்டரை இயக்கினால் வெளியீடுகளும் அவற்றின் பாங்குகளும் பட்டியலிடப்படும். நடப்புப் பாங்கு உடுக்குறியாலும், திரை பரிந்துரைக்கும் பாங்கு கூட்டல் குறியாலும் காட்டப்படும்.

பழுதான வடத்தால் ஈடிஐடி கிடைக்காதபோது, பெரும்பாலும் 1024×768 போன்ற குறைந்த பிரிதிறனே கிடைக்கும். அப்போது சிவிடி என்னும் கருவியால் பாங்கைக் கணித்து, நியூமோட் தெரிவால் உருவாக்கி, ஆட்மோட் தெரிவால் வெளியீட்டுடன் இணைக்கலாம்.

எடுத்துக்காட்டு: 1440×900 திரைக்கு, 60 ஹேர்ட்சு வீதத்தில், சிவிடி 106.50 மெகாஹேர்ட்சு படப்புள்ளிக் கடிகாரத்தைத் தருகின்றது. வெற்றிடைவெளிகளையும் சேர்த்து மொத்தச் சட்டகம் 1904×934 ஆகும். கடிகார அதிர்வெண்ணை இப்பெருக்குத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் 59.89 ஹேர்ட்சே உண்மையான புதுப்பிப்பு வீதம். சிவிடி அகலத்தை 8 இன் மடங்காக்குவதால், 1366 எனக் கேட்டால் 1368 எனத் தரும்.

கவனிக்க வேண்டியவை

* பொருந்தாத பாங்கினால் திரை இருண்டுவிடலாம். பழைய எதிர்மின் கதிர்க் குழாய்த் திரைகள் அளவுமீறிய அதிர்வெண்ணால் பழுதடையவும் கூடும்.
* பழைய பாங்கிற்குத் திரும்பும் கட்டளையை, 15 நொடித் தாமதத்துடன் அதே வரியில் சேர்த்து எழுதிச் சோதிப்பது பாதுகாப்பானது.
* மாற்றங்கள் அவ்வமர்வுக்கு மட்டுமே உரியவை. அவை நிலைக்க வேண்டுமாயின், கட்டளையைத் தொடக்க நிரலில் சேர்க்க வேண்டும்.

வேலண்ட்

வேலண்ட் அமர்வுகளில் எக்ஸ்ராண்டரால் திரையின் உண்மையான பாங்கை மாற்ற இயலாது. அங்கு க்னோம், கேடிஈ போன்ற மேசைத்தளச் சூழல்களின் அமைப்புகளையே பயன்படுத்த வேண்டும்.