சைவமா என்று கேட்டால் மட்டும் போதுமா?

வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது நம்மில் பலரும் தவறாமல் கேட்பது, "என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான். பர்கர், பீட்சா என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி, "வெஜ்தானே?" "ஆமாம்" என்றதும் மனசு சமாதானமாகிவிடுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்குத் துரித உணவின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அந்தக் கடைகளில் விற்கும் உருளைக்கிழங்கு வறுவலின், அதாவது ஃபிரெஞ்ச் ஃபிரைஸின் கதை அது. அதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்டு என்ற சகோதரர்கள் 1940-இல் ஓர் உணவகம் ஆரம்பித்தார்கள். காரில் வருகிறவர்களுக்குப் பணிப்பெண்கள் காருக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே, 1948-இல் கடையைச் சுமார் மூன்று மாதம் மூடி, முறையையே மாற்றினார்கள். 25 பதார்த்தங்கள் 9 ஆகக் குறைந்தன. தட்டும் கரண்டியும் போய்க் காகிதம் வந்தது. ஒருவர் வாட்டுவார், ஒருவர் பொரிப்பார், ஒருவர் பொட்டலம் கட்டுவார். கார்த் தொழிற்சாலையில் நடப்பதுபோலச் சமையலறையில் வேலை நடந்தது. ஹாம்பர்கரின் விலை 15 சென்ட். கைதேர்ந்த சமையற்காரர் இனித் தேவையில்லை.

மில்க் ஷேக் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே கிராக் 1954-இல் இதைப் பார்த்து வியந்தார். 1955-இல் அதே பெயரில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கடை திறந்தார். 1961-இல் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சகோதரர்களிடமிருந்து முழு உரிமையையும் வாங்கிவிட்டார். எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே ருசி என்பதே அவர் வெற்றியின் ரகசியம். அந்த ஒரே ருசிக்காக, 1960-களின் பிற்பகுதியில் கிழங்கைத் தோலுரித்து நறுக்கும் வேலையும் கடையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போயிற்று. உறையவைத்த கிழங்கு மூட்டையாக வந்து இறங்கியது.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது என்பது என் கருத்து. கல்யாண வீட்டில் பரிசாரகரைக் கூப்பிட்டு, "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். துரித உணவுக் கடையில் பொரித்துக் கொடுக்கும் பையனுக்கே அது தெரியாது. சாப்பிடுகிறவருக்கும் சமைக்கிறவருக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலை வந்துவிட்டது.

அந்த வறுவல் பல காலம் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கப்பட்டது. இருதயத்துக்குக் கெடுதல் என்ற பிரசாரம் அமெரிக்காவில் வலுத்ததால், 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டிலிருந்து அங்கே குடியேறிய பலர் அதை நம்பிச் சாப்பிட்டார்கள். ஆனால் ருசிக்காக மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த ஒரு பொருள் சிறிய அளவில் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டு வந்தது. 2001-இல் சியாட்டில் நகரில் வழக்குத் தொடரப்பட்டதும் இது பரவலாகத் தெரியவந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2002-இல் ஏற்பட்ட சமரசப்படி, சைவ உணவு, இந்து அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டாலர் அளிக்க இசைந்தது.

அதே நிறுவனம் 1996-இல் தில்லி வசந்த் விஹாரில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்திருந்தது. இங்கே மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கிடையாது. சைவச் சமையலுக்குத் தனி இடம், தனிப் பாத்திரம். 2001-இல் அமெரிக்கச் செய்தி வந்தபோது நான் மும்பையில் இருந்தேன். மின்சார ரயிலில் பல நாள் இதே பேச்சு. கடைகளின் முன் ஆர்ப்பாட்டமும் நடந்தது. இந்திய வறுவலில் அந்தப் பொருள் இல்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. உணவுப் பொட்டலங்களில் பழுப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் கட்டாயமானது 2001, 2002-ஆம் ஆண்டுகளில்தான். நமக்கு அது பெரிய சௌகரியம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மாட்டுக் கொழுப்புக்குப் பதிலாக அங்கே வந்தது, ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய். நம் ஊர் வனஸ்பதியும் அந்த ஜாதிதான். 1937-இல் வந்த டால்டா, நெய்க்குப் பதிலாக எத்தனையோ வீடுகளில் புகுந்தது. தாவரத்திலிருந்து வந்ததால் அது சுத்த சைவம். ஆயினும் இப்படிச் செய்த எண்ணெயில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது. மாரடைப்புக்கு வழி செய்கிறது. டென்மார்க் 2003-இலேயே இதற்குக் கடும் வரம்பு விதித்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவு 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. அதுவரை பச்சைப் புள்ளிக்குப் பின்னால் இந்தக் கொழுப்பு அதைவிட அதிகமாகவே இருக்க முடிந்தது.

உப்பும் சர்க்கரையும் அப்படியே. நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பற்றியும் பச்சைப் புள்ளி ஒன்றும் சொல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இதற்குத் துரித உணவு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்தே செய்யும் உத்தியோகமும் தட்டு நிறையச் சாதமும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. வெளிநாட்டுக் கடைகளை மட்டும் ஏசுவதும் நியாயமில்லை. நம் தெருமுனை பேக்கரி பஃப்ஸும் தீபாவளி பட்சணமும் இதே பரீட்சைக்கு உட்பட்டவையே.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு மூட்டு என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த நம் பாட்டிமார்களின் சிரமத்தை மறந்துவிட்டு யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். கேட்கும் பழக்கத்தை மட்டும் விடாமல் இருந்தால் போதும். நம் பெரியவர்கள் எதைச் சாப்பிடுவது, யார் சமைத்தது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அந்தச் சிரத்தையை இன்று பொட்டலத்தின் பின்பக்கத்துக்குத் திருப்புவோம். "வெஜ்தானே?" என்று கேட்டுவிட்டு, "எந்த எண்ணெய்? எத்தனை உப்பு? வாரத்தில் எத்தனை நாள்?" என்றும் பிள்ளைகளைக் கேட்போம்.