கையெழுத்துக்கு என்ன விலை?

போன மாதம் சிகாகோவிலிருந்து பேரன் போனில் கூப்பிட்டான். அவன் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் பழைய பின்பால் மெஷின் ஒன்றை விற்கிறாராம். அதை வடிவமைத்தவரே மெஷின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். அதனால் மற்ற மெஷின்களைவிட நல்ல விலை கூடுதலாகக் கேட்கிறாராம்.

"தாத்தா, நீங்க முப்பது வருஷம் மெஷினோடதானே இருந்தீங்க? ஒருத்தர் கையெழுத்துப் போட்டா மெஷின் விலை ஏறுமா?" என்றான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் டூல் ரூமில் இருந்தவன் நான். மோல்டு தேய்ந்தால் அதன் மதிப்பு எவ்வளவு குறையும் என்று சொல்லிவிடுவேன். கையெழுத்தால் மதிப்பு எவ்வளவு கூடும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

பின்பால் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. சின்ன வயதில் மரப்பலகையில் ஆணி அடித்து, ஸ்பிரிங் வைத்துக் கோலிக்குண்டைத் தள்ளிவிடும் விளையாட்டு ஒன்று இருந்ததல்லவா? குண்டு ஆணிகளில் மோதி மோதி இறங்கி, ஐம்பது, நூறு என்று எழுதிய குழிகளில் விழும். அந்தப் பலகைக்குக் கால் வைத்து, கண்ணாடி மூடி, காசு போட ஒரு துளையும் வைத்தால் அதுதான் பின்பாலின் ஆரம்ப வடிவம். 1931ல் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் 'பேஃபிள் பால்' என்ற மெஷினை இப்படித்தான் கொண்டுவந்தார். உலகமே பணமுடையில் இருந்த காலம் அது. ஒரு சில்லறைக் காசுக்குக் கொஞ்ச நேரம் கவலை மறக்கலாம் என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்போதெல்லாம் குண்டைத் தள்ளிவிட்டால் அதன்பின் ஆடுபவர் கையில் ஒன்றும் இல்லை, விட்ட வழிதான். அதனால் இது சூதாட்டம் என்று சொல்லி 1942ல் நியூயார்க் மேயர் லா கார்டியா தடை போட்டார். மெஷின்களைச் சுத்தியலால் உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். 1947ல்தான் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில், பொத்தானை அழுத்தினால் குண்டை மேலே தட்டிவிடும் சின்னத் துடுப்புகள் வந்தன. ஆட்டம் அதிர்ஷ்டத்திலிருந்து கைத்திறமைக்கு மாறியது. ஆனாலும் நியூயார்க் தடை நீங்க 1976 ஆயிற்று. ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரசபை உறுப்பினர்கள் முன்னாலேயே ஆடிக்காட்டி, குண்டு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்தார். அதன் பிறகுதான் தடை போயிற்று.

இன்று அந்தப் பழைய மெஷின்களைச் சேகரிப்பவர்கள் ஏராளம். 1992ல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. அதை வடிவமைத்தவர் பேட் லாலர். இப்படிப்பட்டவர்கள் சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களுக்கு வரும்போது, ரசிகர்கள் மெஷினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலர் ஆடும் பலகையிலேயே வாங்குகிறார்கள், சிலர் பின்னால் நிற்கும் படம் போட்ட கண்ணாடியில்.

இங்கேதான் டூல் ரூம்காரனுக்குச் சந்தேகம் வருகிறது. ஆடும் பலகை மேல் இரும்புக் குண்டு ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் ஒரு தரம் துடைத்து மெழுகு போட வேண்டும். அதன்மேல் மார்க்கரில் போட்ட கையெழுத்து எத்தனை நாள் தாங்கும்? கையெழுத்துப் போட்டபின் மேலே வார்னிஷ் அடித்தால் நிற்கும். கண்ணாடியில் போட்டால் வெயில் வெளிச்சத்தில் மங்கும். பலகை தேய்ந்து புதுப்பலகை மாற்றினால் கையெழுத்தும் பழைய பலகையோடு போய்விடும். கையெழுத்துக்காகத் தேய்ந்த பலகையையே வைத்துக்கொண்டால் ஆட்டம் கெட்டுப்போகும். ஆடுவதற்கு வாங்குபவருக்கும் அழகுக்கு வாங்குபவருக்கும் ஒரே கையெழுத்து இரண்டு விலை.

நம் ஊரில் இதற்குச் சமமானது எது என்று யோசித்தேன். முதலில் நினைவுக்கு வந்தவர் காந்திதான். கையெழுத்துக்கு வெளிப்படையாக விலை வைத்தவர் அவர். அரிஜன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. தென்னாப்பிரிக்காவில் தமிழர்களோடு பழகித் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டவர், நம்மவர்களுக்கு 'மோ.க.காந்தி' என்று தமிழிலேயே போட்டுக்கொடுத்தார். 1934ல் அந்த நிதிக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றி வந்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் தனக்குக் கொடுத்த வரவேற்புப் பத்திரங்களை மேடையிலேயே ஏலம் விட்டுவிடுவது அவர் வழக்கம். பத்திரத்தின் கண்ணாடியும் சட்டமும் கடையில் என்ன விலையோ, அவர் கையால் வாங்கினால் அதைப்போல் பல மடங்கு. கூடுதல் பணம் எங்கே போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அதனால் அதில் ஏமாற்று இல்லை.

அடுத்தது, நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் கையெழுத்து. ரூபாய் நோட்டைச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 1935ல் ஆரம்பித்தது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஒரு நோட்டில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் டெய்லர் கையெழுத்தோடுதான் 1938ல் வங்கியின் முதல் நோட்டுகள் வந்தன.

1969ல் காந்தி நூற்றாண்டுக்காக, அவர் உட்கார்ந்து படிப்பதுபோல் படம் போட்ட நோட்டுகள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு, ஐந்து, பத்து, நூறு. அப்போது கவர்னர் எல்.கே. ஜா. அவருக்குப் பின் 1970 மே மாதம் பி.என். அதார்கர் வந்தார். 42 நாள்தான் அந்த நாற்காலியில் இருந்தார். அதே காந்தி, அதே தாள், அதே அச்சு, கையெழுத்து மட்டும் வேறு. இன்று நோட்டு சேகரிப்பவர்களிடம் போனால் ஜா நோட்டைவிட அதார்கர் நோட்டுக்குத்தான் கூடுதலாகக் கேட்பார்கள்.

மன்மோகன் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிதியமைச்சகச் செயலாளராக ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போட்டார். 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கிக் கவர்னராக மற்ற நோட்டுகளிலும் போட்டார். பிறகு பத்து வருஷம் பிரதமர். ஆனால் அவர் கையெழுத்துள்ள சாதாரண நோட்டுகள் நிறையக் கிடைப்பதால், அந்தப் புகழ் நோட்டின் விலையைப் பெரிதாகத் தூக்கவில்லை. தெருவில் யாருக்கும் பெயர் தெரியாத 42 நாள் கவர்னர் அவரை முந்திவிடுகிறார். அச்சடித்த கையெழுத்தில் ஆளின் பெருமைக்கு மதிப்பு குறைவு. எத்தனை பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் கணக்கு.

இதையே என் தொழிலில் ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 1984ல் வந்த முதல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் பெட்டிக்கு உள்பக்கம், அதை உருவாக்கிய குழுவினரின் கையெழுத்துகள் இருக்கும். 1982 பிப்ரவரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட, அதை மோல்டிலேயே செதுக்கிவிட்டார்கள். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மோல்டு செய்தவன் பெயர் எந்தக் குடத்திலும் எந்த வாளியிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் விலை என்று பார்த்தால், எல்லாப் பெட்டியிலும் இருப்பதால் ஒரு பெட்டிக்கும் அது தனியாக மதிப்புக் கூட்டாது. அதே பெட்டியில் அந்தக் குழுவில் ஒருவர் பேனாவால் போட்டுக்கொடுத்தால் அது வேறு கதை.

இனி நம்ம ஊர் மெஷினுக்கு வருகிறேன். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. இந்திய ராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட் வேண்டியிருந்ததுதான் தொடக்கம். தொழிற்சாலை திருவொற்றியூரில். 2018ல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கும்வரை அது நம் திருவள்ளூர் மாவட்டம்தான். இங்கிலாந்துக் கம்பெனி 1970ஐ ஒட்டி மூடிவிட்டது. நம் ஊர்ப் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த டேங்க்கில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு இருக்குமே, அது கையால் போடுவது. டேப் ஒட்டாமல், ஸ்கேல் வைக்காமல், ஒரு மெல்லிய தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பார்கள். ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோடே ஒரு கையெழுத்துதான்.

என்னிடம் 1979 மாடல் புல்லட் ஒன்று இருந்தது. 1983ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கவரைப்பேட்டையிலிருந்து சிப்காட்டுக்கு ஜி.என்.டி. ரோட்டில் அதில்தான் போய்வந்தேன். அடுத்த வருஷம் எளாவூர்ப் பக்கம் ஒரு சினிமா ஷூட்டிங். ஒரு காட்சிக்கு என் வண்டியைக் கேட்டு வாங்கினார்கள். அன்று பெரிய நடிகர் அவர், பெயர் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது, கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு நம்பர் போட வைத்திருந்த மார்க்கரை நீட்டினேன். டேங்க் மூடி பக்கத்தில் பெரிதாகப் போட்டுக்கொடுத்தார். இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வருபவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் பெட்ரோல் பங்கில் பையன் கொஞ்சம் வழியவிட்டான். துணியால் துடைத்தான். பெட்ரோலுக்கு முன்னால் மார்க்கர் மை எம்மாத்திரம்? நடிகர் போய்விட்டார். "போனால் போகட்டும், வண்டியாவது இருக்கே" என்றாள் என் மனைவி.

1991ல் டேங்க் துருப்பிடித்தது. பொன்னேரியில் ஒரு பெயிண்டர் அண்ணன் இருந்தார். பஸ், லாரிகளுக்கு எழுத்து எழுதுகிறவர். துருவைச் சுரண்டி, புதிதாகக் கறுப்படித்து, தங்கக் கோட்டைக் கையாலேயே இழுத்தார். நான் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்திருந்தது. "தம்பி, இது கம்பெனிக் கோடு இல்லன்னு எவனாவது சொன்னா எங்கிட்ட அனுப்பு" என்றார். டேங்க்கின் அடியில், கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில், தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் தேதியையும் எழுதி, மேலே வார்னிஷ் அடித்தார். ஏன் அங்கே எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். ஃபிளெக்ஸ் பேனர் வந்தபின் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று அவரும் இல்லை. அவர் எழுதிய பலகைகளும் அனேகமாக இல்லை.

இப்போது எனக்கு முழங்கால் வலி, கிக்கர் உதைக்க முடியவில்லை. போன மாதம்தான் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. புக் எல்லாம் ஒத்துப்பார்த்தார். நடிகர் கதையைச் சொன்னேன். "கையெழுத்தும் இருந்து, போடும்போது எடுத்த போட்டோவும் இருந்தா நிச்சயம் சேர்த்துத் தருவேன் சார். கையெழுத்து மட்டும் இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். நியாயம்தான். டேங்க்கைக் கழற்றி அந்த இரண்டு எழுத்தைக் காட்டினேன். மரியாதையாகத்தான் பார்த்தார். "இவர் யாருன்னு மார்க்கெட்ல தெரியாதே சார். எப்படியும் டேங்க்கைச் சுரண்டி ரீ-பெயிண்ட் பண்ணத்தான் போறேன்" என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, டேங்க் இல்லாமல் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். புதுப்பேட்டையில் வேறு டேங்க் கிடைக்கும், ஆனால் வண்டியோடு பிறந்த டேங்க் இல்லை என்றால் விலை குறையும் என்றார். எட்டாயிரம் குறைத்துக்கொண்டார். கொடுத்துவிட்டேன். பையனுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். டேங்க் இப்போது ஹாலில் தையல் மெஷின் மேல் இருக்கிறது.

பேரனுக்கு அன்றிரவே பதில் சொன்னேன். முதலில் மெஷின் நன்றாக ஓடுகிறதா, பலகை தேயாமல் இருக்கிறதா பார். அதற்கு ஒரு விலை போடு. பிறகு கையெழுத்தைப் பார். மெஷினைச் செய்தவருடையதா, வழியில் போனவருடையதா? போட்டதற்குப் போட்டோ இருக்கிறதா? துடைத்தால் போகாத இடத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கொஞ்சம் சேர்த்துக் கொடு. அதற்கு மேல் கொடுப்பதென்றால் அது உன் ஆசைக்குக் கொடுப்பது. விற்கும்போது திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதே.

"நீங்க எட்டாயிரம் விட்டதும் அப்படித்தானா தாத்தா?" என்றான். அம்மா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

"ஆமாண்டா" என்றேன்.