நாட்டுப்பன்றி

நாட்டுப்பன்றி, தமிழகத்து ஊர்களின் ஓரங்களில் கூட்டமாக மேய்ந்து வளரும் கரிய பன்றி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலையடிவாரத்தில், இரவில் தோட்டத்தில் இறங்கிக் கிழங்கைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றி இதற்கு நெருங்கிய உறவு. இரண்டும் இணைந்தால் குட்டி பிறக்கும். அந்தக் குட்டியும் இனம் பெருக்கும்.

இதன் வளர்ப்பைப் பற்றிய அருமையான பழஞ்சித்திரம் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கள் சமைக்கும் பெண்கள் கலம் கழுவிக் கொட்டிய நீர் சேறாகத் தேங்குகிறது. மயிர் அடர்ந்த பெண்பன்றி பல குட்டிகளோடு அதில் புரள்கிறது. ஆண்பன்றியை அதனோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவைப் பல நாள் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். அதன் இறைச்சியும் கள்ளும் பாணர்க்கு விருந்து. அந்த ஆணின் கால் குட்டை என்பதைக்கூடப் புலவர் விடவில்லை. தீனி, அடைப்பு, இணையைப் பிரித்தல் என மூன்றையும் அறிந்தவர்களின் தேர்ந்த வளர்ப்பு இது. பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்துப் புறச்சேரியில் பன்றி குட்டிகளோடு திரிகிறது.

இன்றைய நாட்டுப்பன்றிக்கும் நீண்ட முகவாய், பிடரியிலிருந்து முதுகுவரை விறைத்த மயிர், சிறு உடல். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் வசதி இல்லை. சேறுதான் அதற்குக் குளிர்ச்சி. வெண்பன்றியின் தோல் வெயிலில் வெந்துபோகும். கரிய தோலும் மயிரும் நாட்டுப்பன்றியைக் காக்கின்றன. சினைக்காலம் சுமார் 114 நாள். ஈற்றுக்குக் கிடைக்கும் குட்டிகள் வெண்பன்றியைவிடக் குறைவு, வளர்ச்சியும் மெதுவு. ஆனால் கழிவுத் தீனியிலேயே தாக்குப்பிடிக்கும்.

இங்கிலாந்தில் 1868இல் தனி இனமாக ஏற்கப்பட்ட வெள்ளை யார்க்‌ஷயர் பண்ணைகளில் பரவியதும் நாட்டினம் ஒதுங்கியது. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘தனுவாஸ் கேபிஎம் கோல்டு’ கலப்பினத்தில் நாட்டு இரத்தம் கால் பங்கு. நாட்டுப்பன்றியை வளர்த்துவந்த காட்டுநாயக்கர் முதலிய சமூகங்கள் அந்தத் தொழிலாலேயே இழிவுக்கு ஆளாயின. வளர்ப்பறிவு ஏட்டில் ஏறாமல் போனதற்கு அந்த இழிவும் காரணம். இந்தியாவின் மொத்தப் பன்றித்தொகையும் குறைந்தது: 2012இல் 1 கோடியே 3 லட்சம். 2019 கணக்கெடுப்பில் 90.6 லட்சம்.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் 2023 வரை 14 பன்றி இனங்களைப் பதிவுசெய்தது. அவற்றில் மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா, நிக்கோபாரி ஆகியவை உண்டு. அந்த 14இல் தமிழகத்திலிருந்து ஒன்றும் இல்லை. இத்தனை பழைய சான்றுள்ள விலங்குக்கு இது பெருங்குறை. இதோடு நோயும் சேர்ந்தது: 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. அதற்கு மருந்தில்லை, காட்டையொட்டி அவிழ்த்துவிட்டு மேய்க்கப்படும் மந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.